தூண்டிலுக்கு ஓர் இலட்சத்து எண்பதினாயிரமா?



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு மாத்திரமே இப்பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். பரீட்சை, சீதனம், மாமியார் மருமகள் என்று வழமையாக வரும் பிரச்சினைகளை எதிர்பார்த்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது தூண்டிலைப் பற்றியது.

கிழக்கிலங்கையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கத்தாரில் தொழில் செய்கிறார். மூத்த மகனுக்கு வயது பதினைந்து. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் போனும் கையுமாக அறைக்குள் கிடப்பவன். உம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவதே அரிது. அப்படிப்பட்டவன் ஒரு நாள் தானாக வந்து உட்கார்ந்து, ‘பிளை பிஷிங்’ என்றொரு மீன்பிடி முறையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினானாம். அமெரிக்க ஆறுகளில் இடுப்பளவு நீரில் நின்று, நூலைத் தலைக்கு மேலே சுழற்றி எறிந்து மீன் பிடிப்பதை வீடியோக்களில் பார்த்திருக்கிறான். தனக்கும் அது வேண்டுமென்று ஒரு பட்டியலும் எழுதித் தந்திருக்கிறான். கூட்டிப் பார்த்தால் ஓர் இலட்சத்து எண்பதினாயிரம் ரூபா வருகிறது. “மகன்ட வாப்பா ‘கேட்டதே இந்த ஒன்றுதானே, வாங்கிக் குடுப்பம்’ என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இது வீண்விரயமில்லையா? விளையாட்டுக்கு மீன் பிடிப்பது ஆகுமா? வேண்டாமென்றால் பிள்ளை திரும்பவும் அறைக்குள் போய்விடுவானே” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரியே, உங்கள் கேள்விகளில் கடைசியானதுதான் கனமானது. ஆனாலும் பட்டியலில் இருந்தே தொடங்குவோம். அதைச் சரிசெய்தால் மற்றவை பாதி சரியாகிவிடும்.

முதலில் இந்த ‘ஈத் தூண்டில்’ என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் தூண்டில் போடுபவர் தங்கூசி நூலின் நுனியில் ஈயக் குண்டு கட்டி வீசுவார். குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆற்று மீன் விரும்பித் தின்னும் சிறு பூச்சிகளுக்குப் பாரமே கிடையாது. அவற்றைப் போல இறகும் நூலும் கொண்டு முள்ளிலே கட்டிய பொய்ப் பூச்சிக்கும் பாரமில்லை. அதை எப்படித் தூர எறிவது? அதற்காகப் பாரத்தை நூலுக்கே கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல் அது. தடி வளைந்து நிமிரும்போது அந்த நூல்தான் பறக்கிறது, ஈ அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகும்.

இது புதிய நாகரிகமுமல்ல. கி.பி. 200ஆம் ஆண்டளவில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மசிடோனியா நாட்டு மக்கள் முள்ளிலே சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைக் கட்டி, ஆற்று மீனை ஏமாற்றிப் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய தடியும் நூலும் ஆறடி அளவுதான் இருந்தன. றீல் என்ற சாமானே அப்போது கிடையாது. ஜப்பானின் மலையோடைகளில் இன்றும் ‘டென்காரா’ என்ற முறையில் றீல் இல்லாமல், தடியின் நுனியிலேயே நூலைக் கட்டிப் பிடிக்கிறார்கள். நம் குளக்கரைப் பையன்கள் மூங்கில் கம்பில் தங்கூசி கட்டிப் பிடிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. புழுவுக்குப் பதில் இறகு, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு இது தோட்டத்துரைமாரோடு வந்தது. 1880களில் இங்கிலாந்திலிருந்து ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் வளர்த்தார்கள். மீன் உணவுக்காக அல்ல, விடுமுறைப் பொழுதுபோக்குக்காக. அதன் விலையை நம் மலை இன்றும் கொடுக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் மட்டும் வாழும் ஓர் இறால் இனத்துக்கு, அங்கு விடப்பட்ட ட்ரவுட் பெரும் எதிரியாகிவிட்டது. இப்போது அந்தச் சமவெளி தேசிய பூங்கா. 1988இல் அப்படிப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்கே தூண்டிலோடு போய் நிற்க நினைக்கவே வேண்டாம். மலைநாட்டின் ஏனைய ஓடைகளிலும் குளங்களிலும் கூட, அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி கேட்ட பிறகுதான் நூலை விரிக்க வேண்டும்.

இனிப் பட்டியல். உங்கள் மகன் எழுதியதில் முதலாவது, மார்பளவு வரும் இறப்பர் காற்சட்டை. ‘வேடர்ஸ்’ என்பார்கள். பனி உருகி ஓடும் ஆற்றில் நிற்பவனுக்கு அது உயிர்காக்கும். நம் கிழக்கு மாகாண வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பவன் மீனுக்கு முன்னால் தானே அவிந்துவிடுவான். வுழூச் செய்வதற்கு ஒவ்வொரு முறையும் முழுவதையும் கழற்றவும் வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்றிருக்கிறது. நம் குளங்களிலும் மட்டக்களப்பு வாவியிலும் முதலை இருக்கிறது. இடுப்பளவு நீரில் இறங்கி நிற்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கரையிலிருந்து சில அடி பின்னுக்கு நின்று எறிய வேண்டும். ஆகவே வேடர்ஸும் அதற்குரிய சப்பாத்தும் பட்டியலில் இருந்து போகட்டும். கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு காசு அங்கேயே மிச்சம்.

இரண்டாவது தடி. அவன் கேட்டிருப்பது 5ஆம் எண் தடி, பெயர்போன கம்பனி ஒன்றினுடையது. அந்த எண் என்னவென்று சொல்கிறேன். நூலின் முதல் 30 அடியின் நிறையை வைத்து எண் கொடுக்கிறார்கள். 5ஆம் எண் நூல் என்றால் அந்த 30 அடி ஏறத்தாழ 9 கிராம், 6ஆம் எண் 10 கிராமுக்குச் சற்று மேல், 8ஆம் எண் 13 கிராமுக்கு மேல். தடியிலும் அதே எண் இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். 3, 4 சிறு ஓடைக்கு. 5 ட்ரவுட்டுக்கு எங்கும் பொதுவானது. கடலோரத்தில் பாரையும் கட்டாவும் பிடிக்க 8இலிருந்து மேலே போக வேண்டும். அமெரிக்க வீடியோக்களில் எல்லோரும் 5 என்பது அவர்களுடைய ஆற்றுக்குச் சரி. உங்கள் ஊரில் ட்ரவுட் கிடையாது. அது குளிர்நீர் மீன். அங்கே இருப்பது குளத்துத் திலாப்பியா, விரால், முகத்துவாரத்துக் கொடுவா. போதாததற்குக் கச்சான் காற்று. அந்தக் காற்றை வெட்டிக்கொண்டு போக 6ஆம் எண்ணாவது வேண்டும். ஒன்பதடி நீளம், நாலு துண்டு, 6ஆம் எண், நடுத்தர வேகத் தடி. இதுதான் உங்கள் பிள்ளைக்குரியது. நுவரெலியா அல்லது வெலிமடைப் பக்கத்து வாசகர்கள் அனுமதியோடு ஓடையில் பிடிப்பதென்றால் 4 அல்லது 5 போதும்.

‘நடுத்தர வேகம்’ என்றேன். விலை கூடிய தடிகள் பெரும்பாலும் வேகமானவை, விறைப்பானவை. பழகிய கைக்கு அவை தூரம் தரும். பழகாத கைக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. சற்று இளக்கமாக வளையும் தடியில் நூலின் பாரம் கைக்குத் தெரியும். பாரம் தெரிந்தால்தான் எறியப் பழகலாம். ஆகவே முதற் தடிக்கு அதிக விலை கொடுப்பது வீண் மட்டுமல்ல, படிப்பதற்கு இடைஞ்சலும்கூட. ஆயிரம் டொலருக்குத் தடி விற்கிறார்கள் என்பது உண்மைதான். அது இருபது வருடம் பிடித்தவனுக்கு.

றீல் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணத் தூண்டிலில் றீல்தான் எந்திரம். ஈத் தூண்டிலில் அது பெரும்பாலும் நூலைச் சுற்றி வைக்கும் ஒரு பெட்டி. சிறு மீன் பட்டால் றீலைச் சுற்றுவதே இல்லை, இடது கையால் நூலை இழுத்து எடுப்பார்கள். ஆகவே சாதாரணமான, துருப்பிடிக்காத றீல் ஒன்று போதும். உவர்நீரில் பாவிக்க எண்ணமிருந்தால் அதற்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். எந்த றீலானாலும் வாவியிலோ கடலிலோ பாவித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் அடுத்த மாதம் சுற்றாது.

காசைப் போட வேண்டிய இடம் நூல். மலிவு நூல் வாரத்தில் சுருண்டு, வெடித்து, மிதக்காமல் போகும். எவ்வளவு நல்ல தடியாலும் அதை எறிய முடியாது. பெட்டியில் ‘டபிள்யூ. எஃப். 6 எஃப்.’ என்று இருக்க வேண்டும். முன்பக்கம் பாரமான, 6ஆம் எண், மிதக்கும் நூல் என்பது அதன் பொருள். மூழ்கும் நூலுக்கு ‘எஸ்’ என்று கடைசி எழுத்து வரும். அதை முதலில் வாங்க வேண்டாம். ஒரு விஷயம் கடைக்காரர் சொல்லமாட்டார். நுளம்புக்குப் பூசும் சில மருந்துகளிலுள்ள ‘டீட்’ என்ற பொருள் இந்த நூலின் பூச்சைக் கரைத்துவிடும். பூசினால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் நூலைத் தொட வேண்டும்.

நூலுக்கும் ஈக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை ஒன்று கட்டுவார்கள். ‘லீடர்’ என்று பெயர். ஒன்பதடி நீளம், போகப்போக மெலிந்து செல்லும். நுனியின் தடிப்பை ‘எக்ஸ்’ எண்ணால் சொல்வார்கள். எண் கூடினால் இழை மெலியும். கணக்கு இலகு. 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 4 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 7 பங்கு, அதாவது 0.18 மில்லிமீற்றர் அளவு. திலாப்பியாவுக்கு அது போதும். விராலுக்குப் பல் இருக்கிறது, இன்னும் தடித்தது வேண்டும். நுனி இழை தீரத்தீர ஒட்டிக்கொள்ள அதே தடிப்பில் சாதாரணத் தங்கூசி ஒரு சுருள் வாங்கி வைத்தால் விலை மிச்சம்.

இத்தனையையும் தனித்தனியே தேடி அலைய வேண்டியதில்லை. தடி, றீல், நூல், லீடர் எல்லாம் பொருந்தக் கோத்து ஒரே உறையில் போட்டு ஆரம்பக்காரருக்கென்று விற்கிறார்கள். வெளிநாட்டில் ஏறத்தாழ 100 டொலரிலிருந்து 200 டொலருக்குள் நல்லதே கிடைக்கும். வாப்பா கத்தாரிலிருந்து வரும்போது கொண்டுவரலாம். நாலு துண்டுத் தடியின் குழாய் முக்கால் மீற்றர் அளவுதான், பெரிய சூட்கேசுக்குள் கோணலாக வைத்தால் அடங்கும். முள்ளுகளைக் கைப்பையில் வைக்க வேண்டாம், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். இணையக் கடையில் வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். ஈத் தூண்டில் தடியில் றீல் பூட்டும் இடம் கைப்பிடியின் அடிமுனையில், கைக்குப் பின்னால் இருக்கும். படத்தில் கைக்கு முன்னால் இருந்தால் அது வேறு வகைத் தடி, பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

மேலதிகமாக வேண்டியது நகம் வெட்டி ஒன்று (நூல் வெட்ட), முள்ளைக் கழற்ற மெல்லிய குறடு ஒன்று, தொப்பி, கண்ணாடி. கடைசி இரண்டையும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். தலைக்கு மேலே முள் பறக்கும் விளையாட்டு இது. வெயிற் கண்ணாடியோ பார்வைக் கண்ணாடியோ, ஏதாவதொன்று கண்ணை மூடியிருக்க வேண்டும். முள்ளின் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள். அப்போதுதான் காதில் ஏறினாலும் இலகுவில் கழரும், மீனின் வாயும் கிழியாது. வலக்கைக்காரனுக்கு வலப்பக்கமிருந்து காற்று வந்தால் நூல் முகத்துக்கு வரும். அப்போது இடது தோளுக்கு மேலால் எறிய வேண்டும், அல்லது மறுகரைக்குப் போக வேண்டும். தடி காபனால் ஆனது, மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே நிற்கக் கூடாது. இடி முழங்கினால் தடியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். மகனுக்கு இதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள்.

இனி ஈக்கள். பட்டியலில் 60 ஈக்கள் கொண்ட பெட்டி ஒன்று இருக்கிறது. தேவையில்லை. நீருக்கு மேல் மிதப்பது, நீருக்குள் மூழ்கிப் பூச்சிக் குடம்பி போல அசைவது, சிறு மீனைப் போல நீந்துவது என்று வகைகள் மூன்று நாலு. மீன் பெரும்பாலும் நீருக்கடியில்தான் தின்னும், ஆகவே முதலில் மூழ்கும் வகையே பலன் தரும். குளத்துத் திலாப்பியாவுக்கு 12ஆம் எண் முள்ளில் கட்டிய பச்சை கலந்த பழுப்புக் குடம்பி ஐந்தாறு, விராலுக்கும் கொடுவாவுக்கும் ‘வூலி பக்கர்’ எனப்படும் பஞ்சுவால் ஈ மூன்று நாலு. முள்ளுக்கு எண் கூடினால் அளவு சிறிது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளைக் கூப்பிட விரும்புகிறேன். ஈ கட்டுவது ஒரு கைவேலை. தையல் தெரிந்த கைக்கு இரண்டு நாளில் பிடிபடும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகு, கம்பளி நூல், தையல் நூல், முயல் முடி, ஒரு சிறு பிடிகருவி. வேறொன்றும் வேண்டாம். குர்பான் ஆட்டின் முடிகூட உதவும். கடையில் கட்டிய ஈ வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. அயர்லாந்துப் பழைய முறை ஈக்கள் சிலவற்றில் பன்றி முடி சேர்ப்பதுண்டு. இப்போது செயற்கை இழைகளே அதிகம் என்றாலும் கேட்பதில் குறைவில்லை. ஸ்கொட்லாந்தில் மேகன் போய்ட் என்றொரு பெண்மணி இருந்தார். 1915இல் பிறந்து 2001இல் மறைந்தவர். கடலோரக் குடிலொன்றில் தனியாக இருந்து வாழ்நாள் முழுவதும் ஈ கட்டினார். அப்போது இளவரசராக இருந்த சார்ள்ஸ்கூட அவருடைய வாடிக்கையாளர். ஆனால் அவர் தாமாக மீன் பிடிக்கப் போனதே இல்லை. 1971இல் பதக்கம் வழங்க அரண்மனைக்கு அழைத்தபோது, அன்று நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று போகாமல் இருந்துவிட்டார்! இத்தகைய கைக்குத் தொழிலாகவும் ஒரு வழி இருக்கிறது என்பதற்காகவே சொன்னேன்.

சாமான் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே குளத்துக்கு ஓடக் கூடாது. முள் கட்டாமல், நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டொன்றைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகட்டும். 25, 30 அடி நூலை முன்னால் நேராக விரிக்க வேண்டும். கடிகாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தடியைத் தாழ்விலிருந்து மெதுவாகத் தூக்கி, வேகத்தைக் கூட்டி, ஒரு மணிக்கருகில் சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் கடினம்! நூல் பின்னால் போய் நீளும்வரை பொறுத்திருந்து, பிறகே முன்னால் கொண்டுவந்து பத்து மணிக்கருகில் நிறுத்த வேண்டும். பொறுக்காதவனுடைய நூல் சவுக்கு வெடிப்பது போலச் சத்தமிடும். அப்படிச் சத்தம் வந்தால் நுனியில் ஈ இருக்காது, அறுந்து போயிருக்கும். பலத்தால் எறிய முயல்பவனைவிடப் பொறுமையாக நிறுத்தத் தெரிந்த சிறு பிள்ளை தூரம் எறியும். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், பத்து நாள். அதற்கு மேல் ஒரே மூச்சில் செய்தால் கை களைத்துப் பிழையான பழக்கம் வந்துவிடும். முடிச்சு இரண்டு மூன்று போதும். ஒவ்வொன்றையும் இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்த முடிச்சு இறுகும்போது சூடேறிப் பலம் குறைந்துவிடும்.

ஒரு யோசனை சொல்கிறேன். காசு கொடுக்கும் முன்னரே மகனிடம் ஒரு மூங்கில் கம்பு, தங்கூசி, சிறு முள் நாலு, சேவல் இறகு ஆகியவற்றைக் கொடுத்து, அவனே ஈ கட்டி, அந்த ஜப்பான் முறையில் ஏதாவதொரு சிறு மீனைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபா. பிடிக்க நினைத்து மூன்று வாரம் திரும்பத் திரும்பப் போகிறானென்றால் தடி வாங்கிக் கொடுக்கலாம். வீடியோவோடு ஆசை முடிந்துவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். பிள்ளையைச் சோதிப்பதென்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆரம்பப் பாடம் என்று சொல்லுங்கள். அது பொய்யுமல்ல.

மார்க்க விஷயத்துக்கு வருகிறேன். நீரில் வாழ்வனவற்றை வேட்டையாடுவதும் உண்பதும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை சூரா அல்மாயிதாவில் காணலாம். அதிலே பிரச்சினையில்லை. நீங்கள் தயங்கியது சரியான இடத்தில்தான். மேற்கில் ஈத் தூண்டில் போடுபவர்களுள் பலர் மீனைப் பிடித்து, படம் எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். மீன் குறைந்துபோன ஆறுகளில் அப்படி விட வேண்டுமென்று சட்டமே இருக்கிறது. அவர்கள் பார்வையில் அது மீனைக் காப்பது. நம் பக்கத்தில் கேள்வி வேறு. உயிருள்ளதை விளையாட்டுக்கு இலக்காக வைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உண்ணும் நோக்கமின்றி, வெறும் இன்பத்துக்காக ஒரு பிராணிக்கு முள்ளேற்றி வேதனை கொடுப்பதை உலமாக்கள் பலர் ஆகாது என்றே சொல்கிறார்கள். விரிவான விளக்கத்துக்கு உங்கள் ஊர் ஆலிமைக் கேளுங்கள். என்னுடைய அபிப்பிராயம் இதுதான். சமைக்கும் எண்ணத்தோடு போங்கள், சட்டிக்குப் போதுமானதும் நூலைச் சுற்றுங்கள். அளவில் சிறிய குஞ்சு தவறிப் பட்டால் கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம். காய்ந்த கை அதன் மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். எடுக்கும் மீனை அறுக்க வேண்டிய கடமை நமக்கில்லை. அதற்காகக் கரையில் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதும் நம் முறையல்ல. ஆங்கிலேயர் இதற்கென்று ஒரு சிறு குண்டாந்தடி வைத்திருக்கிறார்கள். தலையில் ஓரடி, முடிந்தது. அந்தத் தடிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பாதிரியார்’! கடைசிக் கிரியை செய்பவர் என்ற கேலி.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். பூச்சிகள் அதிகம் பறப்பதும், மீன் மேலே வருவதும் அந்திப் பொழுதில். அதுவே மஃரிபுடைய நேரம். இன்னும் ஒரே ஒரு தடவை என்று எறிந்துகொண்டே இருக்கச் சொல்லும் வேளை அது. முதலை கரைக்கு வருவதும் ஏறத்தாழ அப்பொழுதே. ஆகவே அஸர் தொழுதுவிட்டுப் போய், சூரியன் சாய அரை மணித்தியாலம் இருக்கும்போது சுற்றிக்கொண்டு வந்துவிடுவது என்ற ஒழுங்கை முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். தனியாகப் போகக் கூடாது. ஸுபஹுக்குப் பிந்திய நேரமும் நல்லது. விடுமுறை நாளில் அதைப் பழக்கினால் போனோடு இரவு விழித்திருப்பதும் தானே குறையக் கூடும். குளத்தில் மீன்பிடிச் சங்கம் இருந்தால் முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வலை போட்டுச் சீவிப்பவருடைய இடத்தில் பொழுதுபோக்குக்குப் போய் நிற்பவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வலைக்கு மேலே நூலை எறிந்து சிக்கவைத்தால் திட்டும் கிடைக்கும், அது நியாயமும்கூட.

இப்போது கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஆரம்பக்காரர் கட்டு ஒன்று, தங்கூசிச் சுருள், ஈ பத்து, குறடு, தொப்பி, கண்ணாடி. மகன் எழுதிய தொகையில் மூன்றிலொன்றுக்குள் எல்லாம் அடங்கும், ஈயை வீட்டிலே கட்டினால் இன்னும் குறையும். மிச்சத்தை என்ன செய்வதென்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் வீட்டுக் கணக்கு. ஆனால் அவனுடைய வாப்பாவுக்கு ஒரு வார்த்தை. கேட்டதை வாங்கிக் கொடுத்தால் தூரத்தில் இருக்கும் குறை தீரும் என்று நம் சகோதரர்கள் பலர் நினைக்கிறார்கள். உங்கள் மகன் எழுதிய பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். உங்கள் மனைவி அதன் படியொன்றை எனக்கு அனுப்பியிருக்கிறார். வேடர்ஸ் இரண்டு சோடி போட்டிருக்கிறான், ஒன்று அவனுடைய அளவு, மற்றது பெரிய ஆளுக்குரிய அளவு. தொப்பியும் இரண்டு.

ஆகவே லீவில் வரும்போது தடி ஒன்று போதும், ஆளுக்கு மாறி மாறிப் பிடிக்கலாம். விமானத்தில் ஏறுமுன் அந்த எறியும் முறையை நீங்களும் கம்பளித் துண்டோடு ஓரிரு நாள் பழகி வாருங்கள். இல்லாவிட்டால் அவன்தான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டிவரும். அப்படியானாலும் நஷ்டமில்லை. கண்ணாடி மட்டும் இரண்டு கொண்டுவாருங்கள்.